நடுக்கோடைக்கு நகர்ந்த கதிர்

2023-ஆம் ஆண்டு அறுவடை முடிந்தபின் ஜப்பானிய வேளாண் அமைச்சகம் அறிவித்த நெல் விளைச்சல் குறியீடு 101. சராசரி ஆண்டின் மகசூலை 100 என்று வைத்துப் போட்ட கணக்கு அது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஆண்டு. ஆனால் அதே ஆண்டில், நாட்டிலேயே பெயர்பெற்ற நெல் பூமியான நீகாத்தா மாகாணத்தில் விளைந்த கோஷிஹிகாரி அரிசியில் முதல் தரம் என்று முத்திரை வாங்கியது 5 சதவீதம்கூட இல்லை. அடுத்த கோடையில் பல நகரங்களில் கடைகளின் அரிசி அடுக்குகள் காலியாகக் கிடந்தன. 2025 வசந்தத்துக்குள் சில்லறை விலை, ஓராண்டுக்கு முன்பிருந்ததைப் போல இரு மடங்கானது. இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் வெயில். அது பொய்யில்லை. 1898-இல் தொடங்கும் ஜப்பானின் வெப்பநிலைப் பதிவுகளில் அதுவரை காணாத கோடை 2023-இல் வந்தது. ஆனால் அங்கே வெயில் எந்தக் காலத்திலும் ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும்தான் உச்சத்தில் இருந்திருக்கிறது. நெல்மணி பால் பிடித்து முற்றும் நாட்கள் அந்த உச்சத்துக்கு நேராக வந்து நின்றது எப்படி? இதற்கு வானிலைப் பதிவேட்டில் விடை கிடைக்காது. கடந்த எண்பது ஆண்டுகளில் அந்த நாடு குளிருக்கு அஞ்சியும், பசிக்கு அஞ்சியும், பிறகு ருசியை நாடியும் எடுத்த முடிவுகளில்தான் அந்த விடை இருக்கிறது என்பது என் வாதம்.

கதிர் வெளிவந்த பிறகு மணிக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இலையும் தண்டும் அனுப்பும் சர்க்கரை மணிக்குள் சென்று மாவுச்சத்தாகிறது. மாவுச்சத்துத் துகள்கள் இடைவெளியின்றி நெருங்கி அமைந்தால் அரிசி ஒளி ஊடுருவும்படி தெளிவாக இருக்கும். சூடு மிகும்போது அவற்றைக் கட்டும் நொதிகள் தளர்கின்றன; மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதியோ வேலை செய்யத் தொடங்குகிறது; மணி நிரம்பும் காலமும் சுருங்குகிறது. துகள்கள் தளர்ந்து அமைய, இடையில் காற்று தங்குகிறது. அந்தக் காற்றுவெளி ஒளியைச் சிதறடிப்பதால் அரிசி வெளுத்துத் தெரிகிறது. ஆலையில் தீட்டும்போது அந்த இடத்தில்தான் அது உடைகிறது. வெளுப்பு மணியின் எந்தப் பகுதியில் விழுந்திருக்கிறது என்பதும் ஒரு சாட்சி. நடுவில் பால்போல் வெளுத்திருந்தால் மணிக்குச் சர்க்கரை போதவில்லை என்று பொருள்: மேகமூட்டம் நீடித்திருக்கலாம், கதிரில் தாங்க முடியாத அளவு மணிகள் கட்டியிருக்கலாம். முதுகிலும் அடியிலும் வெளுத்திருந்தால் சூட்டின் வேலை. தழைச்சத்துக் குறைவு அதைக் கூட்டிவிடும். நகதோ, எபாடா என்ற ஆய்வாளர்கள் முற்றும் பருவத்துச் சூடு மணியை என்ன செய்கிறது என்று 1960-ஆம் ஆண்டளவிலேயே சோதித்து எழுதிவிட்டார்கள். கதிர் வந்த முதல் 20 நாட்களின் சராசரி வெப்பநிலை 26, 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெள்ளை மணிகள் வேகமாகப் பெருகும் என்பது பின்வந்த ஆய்வுகள் நிலைநாட்டிய எல்லை. இது இரவையும் பகலையும் சேர்த்த சராசரி. இரவு தணியாத ஊரில் பகல் 32 டிகிரி என்றாலே எல்லை தாண்டிவிடும்.

இந்த வெளுப்புக்கு ஜப்பானில் விலை உண்டு. 1951-ஆம் ஆண்டின் விளைபொருள் ஆய்வுச் சட்டத்தின்படி, உமி நீக்கித் தவிடு நீக்காத நிலையில் அரிசி பார்வையிடப்படுகிறது. நல்ல மணிகள் 70 சதவீதம் இருந்தால் முதல் தரம், 60 இருந்தால் இரண்டாம் தரம், 45 இருந்தால் மூன்றாம் தரம். அதனால்தான் முதல் தர விகிதம் என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மாகாணத்தின் வெயில் வரலாற்றையே படிக்க முடிகிறது.

இனி நாட்காட்டிக்கு வருவோம். பழைய ஜப்பானில் நடவு என்பது பெரும்பாலான இடங்களில் ஜூன் மாத மழையோடு சேர்ந்த வேலை. நாற்றங்காலில் நாற்பது நாளுக்கு மேல் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி, மழைத் தண்ணீர் தேங்கிய வயலில் பெண்கள் வரிசையாக நட்டார்கள். கதிர் ஆகஸ்டு பின்பாதியிலோ அதற்குப் பிறகோ வரும். மணி செப்டம்பரில் முற்றும். அதற்குள் இரவுகள் குளிரத் தொடங்கிவிடும். இந்த ஏற்பாட்டில் சூட்டைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. கவலையெல்லாம் குளிரைப் பற்றியதுதான். வடகிழக்கிலிருந்து வீசும் ஈரக் குளிர்காற்று கோடையில் தங்கிவிட்டால், கதிர் இன்னும் பொதிக்குள் இருக்கும்போதே மகரந்தம் கெட்டு, கதிர் முழுக்கப் பதராகிவிடும். தொஹோகு பகுதியை 1780-களிலும் 1830-களிலும் காலி செய்த பெரும் பஞ்சங்களுக்கு அதுவே முதற்காரணம். 1873-இல் நகாயாமா க்யூசோ என்ற விவசாயி, நீரைச் சூடாக்கிப் பாய்ச்சி வடகோடித் தீவான ஹொக்கைதோவில் நெல் விளைவித்தது சாதனையாக இன்றும் பேசப்படுகிறது என்றால், அந்த நாட்டு நெல் அறிவு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரியும். நெல்லைச் சீக்கிரம் நட்டு, சீக்கிரம் கதிர் வாங்கவைத்து, குளிருக்கு முன்னால் வீடு சேர்ப்பதே தலைமுறை தலைமுறையாகத் தேடிய வித்தை.

அந்த வித்தை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கைக்கு வந்தது. கருயிசாவா மலைப்பகுதியைச் சேர்ந்த ஒகிவாரா தொயோஜி என்ற விவசாயி, நாற்றங்காலை எண்ணெய் தோய்த்த காகிதத்தால் மூடி, குளிரிலும் நாற்று வளர்க்கலாம் என்று காட்டினார். நகானோ மாகாண ஆய்வு நிலையம் அதை ஒழுங்குபடுத்தியது. பிறகு காகிதத்தின் இடத்தில் பிளாஸ்டிக் தாள் வந்தது. 1953-இன் குளிர் கோடையில் பல வயல்கள் பதராக நின்றபோது, சீக்கிரம் நட்டவன் தப்பித்தான். அதற்கு மேல் பிரச்சாரம் தேவைப்படவில்லை. அதே ஆண்டுகளில் அரசும் தன் பங்குக்குத் தள்ளியது. போருக்குப் பிந்தைய பற்றாக்குறையில், புது நெல் வருவதற்கு முந்தைய மாதங்களே ஆபத்தானவை என்பதால், முந்திக் கொண்டுவந்து கொடுக்கும் நெல்லுக்கு ஊக்கத்தொகை தரப்பட்டது. நீகாத்தாவை உள்ளடக்கிய ஹொகுரிகு பகுதிக்கு இது லாபம். 1931-இல் அங்கே வெளியான நோரின் 1 என்ற ரகம் குறைந்த வயதுடையது. பனி உருகி வரும் தண்ணீர் மே மாதத்தில் ஆறு நிறைய ஓடும். முந்திக்கொள்வது அங்கே தொழிலாகவே ஆனது. தெற்கே கொச்சி, மியாசாகி போன்ற இடங்களில் அச்சம் வேறு: செப்டம்பர்ப் புயல். 1950-களில் அங்கே மார்ச், ஏப்ரலில் நட்டு ஜூலை, ஆகஸ்டிலேயே அறுக்கும் முன்பருவச் சாகுபடி பரவியது. குளிருக்கு அஞ்சிய வடக்கும் புயலுக்கு அஞ்சிய தெற்கும், தனித்தனிக் காரணங்களுக்காக, ஒரே திசையில் நகர்ந்தன.

மூன்றாவது தள்ளுதலுக்கு அச்சம் காரணமல்ல, வசதி. 1970-களில் நடவு இயந்திரம் ஊரெல்லாம் பரவியது. தட்டுகளில் வளர்த்த இளநாற்றை அது நடும். ஆள் கூட்டம் தேவையில்லாமல் போனதும் குடும்பத்தின் ஆண்கள் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். நிலம் வார இறுதி வேலையானது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை அடுத்தடுத்து வரும் தேசிய விடுமுறைகள், பகுதிநேர விவசாயிக்கு நடவு நாட்களாக அமைந்துவிட்டன. நகரத்துக்குப் போன பிள்ளைகள் ஊர் திரும்புவார்கள், இயந்திரம் ஓட்ட ஆள் கிடைக்கும், வாய்க்காலும் அதற்கேற்பத் திறக்கப்படும். நெல்லின் பருவத்தை ரயில் கால அட்டவணை தீர்மானித்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கலாம், அதிகமில்லை. ஒரு நுணுக்கத்தை இங்கே மறக்கக் கூடாது. நடவு ஒரு மாதம் முந்தினால் கதிர் ஒரு மாதம் முந்திவிடாது. குளிர்ந்த வசந்தத்தில் பயிர் மெதுவாக வளரும். நாளின் நீளமும் கதிரைக் கட்டுப்படுத்தும். நடவைப் பத்து நாள் நகர்த்தினால் கதிர் நான்கைந்து நாள் நகரும், அவ்வளவுதான். ஆனால் நீகாத்தாவின் கோஷிஹிகாரி இப்போது கதிர் விடுவது ஆகஸ்டு முதல் வாரத்தை ஒட்டி. அதற்கு அடுத்த 20 நாட்கள் ஆண்டிலேயே சூடான நாட்கள். அந்த இடத்தில் ஒரு வாரம் என்பது சின்ன விஷயமல்ல.

கோஷிஹிகாரியின் கதையே இந்த வரலாற்றின் மையம் என்பேன். 1944-இல் நீகாத்தாவில் நோரின் 22, நோரின் 1 இரண்டையும் கலந்து, போருக்குப் பின் ஃபுகுயி மாகாணத்தில் தேர்ந்தெடுத்து, 1956-இல் நோரின் 100 என்ற எண்ணோடு வெளியிட்டார்கள். தண்டு சாயும், குலைநோய் தாக்கும், அதிக மகசூலும் இல்லை. பசித்த நாட்டுக்கு அது உகந்த ரகமே அல்ல. நாடு பசியாறிய பிறகுதான் அதற்குக் காலம் பிறந்தது. 1969-இல், அரசுக் கொள்முதலுக்கு வெளியே தரமான அரிசியைத் தனி வழியில் விற்க அனுமதி வந்தது. அதை ஒட்டியே உபரியைக் குறைக்கச் சாகுபடிப் பரப்பைச் சுருக்கும் கொள்கையும் வந்தது. கிலோவுக்குப் பதில் ருசி விலையானது. 1979-இல் கோஷிஹிகாரி பரப்பில் முதலிடம் பிடித்து, இன்றுவரை இறங்கவில்லை. ருசியைத் தேடியவர்கள் கண்டுகொண்ட ஒரு சூத்திரம், புரதம் குறைந்தால் சோறு மிருதுவாகவும் ஒட்டும் பதத்திலும் இருக்கும் என்பது. புரதத்தைக் குறைக்க எளிய வழி, கதிர்ப் பருவத்தில் போடும் மேலுரத்தில் தழைச்சத்தைக் குறைப்பது. சாயும் ரகத்துக்கு அதுவே பாதுகாப்பும்கூட. ஆக 1980-களின் இறுதி முதல் விவசாயி, ஆலோசகர், கூட்டுறவு எல்லோரும் சேர்ந்து பயிரைப் பட்டினி போட்டார்கள். முதுகு வெளுப்பும் அடி வெளுப்பும் தழைச்சத்துக் குறைந்த பயிரில் மிகும் என்று மேலே சொன்னேன். ஒரு பக்கம் கதிரை உச்சவெயிலுக்கு நகர்த்தி, மறுபக்கம் அதைத் தாங்கும் ஊட்டத்தையும் குறைத்திருக்கிறார்கள்.

1993 இந்தப் போக்கைத் திருத்தியிருக்கலாம், மாறாக உறுதிப்படுத்தியது. அந்தக் குளிர் கோடையில் விளைச்சல் குறியீடு 74-க்கு விழுந்தது. தாய்லாந்து, சீனா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து சுமார் 26 லட்சம் டன் அரிசி இறக்குமதியானது. குளிர் தாங்காத சாசானிஷிகி என்ற பழைய பிரபல ரகம் அதோடு ஒடுங்கியது. அதன் இடத்தில் பரவிய ஹிதோமெபோரே கோஷிஹிகாரியின் வாரிசு. வடக்கே அகிதாகோமாச்சி, தெற்கே ஹினோஹிகாரி இரண்டும் அதே குடும்பம். ஒரே குடும்பம் நாட்டின் பெரும்பகுதி வயல்களை ஆண்டது. அந்தக் குடும்பத்தின் தலைக்குச் சூடு தாங்கும் திறன் நடுத்தரம்தான். நெல் வல்லுநர்கள் குளிருக்கு எதிராகக் கடைசிக் கதவையும் அடைத்துக்கொண்டிருந்தபோது, சூடு மறுபக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

முதலில் எழும் மறுப்பு நேர்மையானது: வெப்பம் உண்மையிலேயே கூடியிருக்கிறதே, நாட்காட்டியை ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? 2010 கோடையில் நாடு முழுக்க முதல் தர விகிதம் 60 சதவீதத்தை ஒட்டி இறங்கியது; நீகாத்தா கோஷிஹிகாரியில் ஐந்தில் ஒரு பங்கே தேறியது. 2019 ஆகஸ்டு 15-இல் புயல் ஒன்று மலையைத் தாண்டி வறண்ட சூடான காற்றை இறக்கியதில் நீகாத்தாவின் சில ஊர்கள் 40 டிகிரியைத் தாண்டின. மணி நிரம்பிக்கொண்டிருந்த நேரம் அது. இவற்றை நாட்காட்டி உண்டாக்கவில்லை, சரி. ஆனால் ஒரே வெயில் எல்லா நெல்லையும் ஒரேபோல் கெடுக்கவில்லை என்பதே என் சாட்சி. 2023-இல் கோஷிஹிகாரி சரிந்த அதே நீகாத்தாவில், 2017-இல் சந்தைக்கு வந்த ஷின்னோசுகே பெரும்பாலும் முதல் தரத்திலேயே நின்றது. அது சூடு தாங்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம். கூடவே வயது அதிகமான, பிந்திக் கதிர் விடும் ரகம். இரண்டில் எது எவ்வளவு உதவியது என்று பிரிப்பது கடினம். என்றாலும், 2000-களின் தொடக்கத்திலேயே அண்டை மாகாணமான தொயாமா கோஷிஹிகாரியின் நடவை மே 15-ஐ மையமாக வைத்துப் பின்னுக்குத் தள்ளச் சொல்லி இயக்கமாகவே நடத்தியது. வெயிலை யாரும் தள்ளிப்போட முடியாது. தள்ளக்கூடியது எது என்று அந்த நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது.

க்யூஷூ தீவு என் வாதத்துக்கு உண்மையான சிக்கல். அங்கே ஹினோஹிகாரியை ஜூனில்தான் நடுகிறார்கள், பழைய நாட்காட்டிதான். இருந்தும் 2000-களில் அங்கே முதல் தர விகிதம் பல ஆண்டுகள் பாதியைக்கூட எட்டவில்லை. 2005-இல் நிகோமாரு என்ற சூடு தாங்கும் ரகம் வந்ததே அதனால்தான். அங்கே செப்டம்பர் மாதமே சூடாகிவிட்டது. போதாக்குறைக்கு மேகமூட்டமும் புயலும். ஆகவே நடவுத் தேதியை வைத்து நாடு முழுவதையும் விளக்கிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ருசிக்காகத் தழைச்சத்தைக் குறைத்தது க்யூஷூவுக்கும் பொருந்தும். மனித முடிவுகளின் பங்கு அங்கே குறைவு, இல்லாமல் போகவில்லை.

வெளுப்பு வெறும் தோற்றம்தானே, தரம் பிரிக்கும் கண்தானே குற்றவாளி என்பது இன்னொரு மறுப்பு. கொஞ்சம் வெளுத்த அரிசியைச் சமைத்தால் பலருக்கு வேறுபாடு தெரியாது என்பது உண்மை. ஆனால் 2023-இன் அரிசி ஆலையில் நொறுங்கியது. ஒரே அளவு வெள்ளை அரிசிக்கு முன்னைவிட அதிகமான தவிட்டரிசி தேவைப்பட்டது. 101 என்ற குறியீட்டுக்கும் காலியான கடைக்கும் இடையில் மறைந்துபோன அரிசியில் ஒரு பகுதி அங்கேதான் குருணையானது. தன் கணக்கு இதைக் கவனிக்கத் தவறியதை அமைச்சகமே 2025-இல் ஒப்புக்கொண்டது. இந்த மறுப்பின் மறுபாதியை நம்மவர்தான் கேட்பார்கள்: இதைவிடச் சூடான தமிழ்நாட்டில் நெல் விளையவில்லையா? விளைகிறது. காவிரிப் படுகையின் சம்பா மார்கழி, தை மாதங்களில்தான் முற்றுகிறது. அதற்கு அந்தக் குளிர்ச்சி போதும். வெயிலில் முற்றும் பட்டங்களின் நெல்லுக்கு நம்மிடம் புழுக்கல் இருக்கிறது. ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது மாவுச்சத்து இளகி, துகள்களின் இடைவெளி மூடிக்கொள்கிறது. வெளுப்பு மறைகிறது, வெடித்த மணி ஒட்டுகிறது, ஆலையில் நொய் குறைகிறது. புழுங்கலரிசி உண்ணும் ஊரில் வெயில் விட்ட தழும்பு தட்டுக்கு வருவதற்குள் அழிந்துவிடுகிறது. ஜப்பானியர் பச்சரிசி மட்டுமே உண்பவர்கள். அந்தத் தழும்பை மறைக்க அவர்களுக்கு எந்த வழியும் இல்லை.

அப்படியானால் பழையபடி ஜூனில் நட்டுவிடலாமே? எளிதல்ல. பிந்திக் கதிர் விட்டால் வடக்கே குளிர் இன்னும் ஆபத்துதான். வெயில் ஒளி குறைந்த இலையுதிர் காலத்தில் மணி நடுவில் வெளுக்கும். 2023-ஐப் போல செப்டம்பரும் சூடாகவே நீடித்தால் தள்ளிப்போட்டும் பயன் குறைவு. தண்ணீர் இன்னொரு முடிச்சு. கதிர் வந்து 25 நாள்வரை வயல் ஈரம் காயக் கூடாது என்பது நீகாத்தாவின் வழிகாட்டுதல். வாய்க்கால்களோ முன்பருவ நெல்லை மனத்தில் வைத்துத் திறக்கப்பட்டு, முன்பருவ நெல்லுக்கு ஏற்றபடி மூடப்படுகின்றன. ஒருவன் மட்டும் பிந்தி நட்டால் அவன் வயலுக்கு நீர் வராது. ஊரே சேர்ந்து மாற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் விலை. பற்றாக்குறைக்குப் பின் நெல் விலை ஏறிய ஏற்றத்தில் இரண்டாம் தர அரிசியும் பழைய முதல் தர விலையை எளிதாகத் தாண்டிப் போகிறது. மே விடுமுறையில் பிள்ளைகள் வந்திருக்கும்போதே நட்டு முடித்து, ஆகஸ்டில் வெளுத்த அரிசியை நல்ல விலைக்கே விற்கும் குடும்பத்துக்கு, நடவு நாளை மாற்ற இப்போதைக்குப் பணக் காரணம் எதுவும் இல்லை.